நியதியும் முன்னறிவும்: ஜேம்ஸ் கிளிக் இயற்றிய ‘கேயாஸ்’ என்னும் நூல் பற்றிய ஆராய்ச்சி

தோற்றுவாய்

காரணமின்றிக் காரியம் இல்லை என்பது தருக்க நூலார் பலர்க்கும் ஒப்ப முடிந்ததோர் உண்மை. ஆயினும், ஒரு காரியத்திற்குக் காரணம் உண்டு எனத் துணிதலும், அக்காரணத்தினின்று அக்காரியம் இன்ன காலத்து இன்னவாறு விளையும் என முன்னரே கூறவல்லராதலும் ஒன்றோ வேறோ என்னும் வினா எழுமிடத்துக் கற்றாருள்ளும் பலர் மயங்குவர். முன்னதனை நியதி எனவும், பின்னதனை முன்னறிவு எனவும் ஈண்டு வழங்குதல் அமையும். இவண் நியதி என்றது காரணத்தாற் காரியம் வரையறுக்கப்படுதலையேயன்றித் தத்துவங்களுள் வைத்து எண்ணப்படும் நியதி தத்துவத்தை அன்று என்க.

இவ்விரண்டும் வேறு வேறு என்பதனைக் கணிதத்தானும் சோதனையானும் நாட்டியது மேனாட்டு விஞ்ஞானத்தின் ஒரு துறை. அத்துறையைப் பொதுமக்கள் பலரும் அறியச் செய்த நூல், அமெரிக்கராகிய ஜேம்ஸ் கிளிக் என்பார் 1987ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘கேயாஸ்’ என்பதாகும். புதியதொரு விஞ்ஞானம் ஆக்கப்படுதல் என்பது அதன் துணைப்பெயரின் பொருள். ஆசிரியர் கணித நூலாரல்லர், செய்தித்தாள் எழுத்தாளர். நூல் முன்னுரையும் பதினொரு அதிகாரங்களும் உடையது. அது சொல்லிய பொருளின் சிறப்பும், சொல்லிய முறையால் விளையும் மயக்கமும் இவ்வாராய்ச்சியிற் காட்டப்படும்.

ஓசூரில் இரு கணிதம்

இந்நூலின் பொருளைத் தமிழ் நாட்டில் வைத்துக் காண்டற்கு ஓசூரினும் தகுந்த இடம் அரிது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடமேற்கில், கருநாடக எல்லையை ஒட்டி நிற்பது அவ்வூர். சந்திரசூடேசுவரர் கோயில் கொண்டருளிய மலையின்மீது நின்று நோக்குவார்க்குச் சிப்காட் தொழிற்பேட்டையின் கூரைகள் பரந்து தோன்றும். அசோக் லேலண்டு, டி.வி.எஸ். முதலிய ஊர்தித் தொழிற்சாலைகளோடு, டாட்டா நிறுவனத்தாரும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் கூடி 1984இல் தோற்றுவித்த டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் அவ்வூரில் உள்ளது.

குவார்ட்சுக் கடிகாரத்தினுள் இருப்பது ஒரு சிறு படிகத் துண்டு. அது ஒரு நொடிக்கு 32,768 முறை அதிரும்படி அறுத்துச் செம்மை செய்யப்படுவது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுப்பின் ஒன்று எஞ்சும். அவ்வொன்றே முள்ளை ஒரு நொடி நகர்த்தும். இக்கணிதத்தின்கண் பிழை பெருகுவதில்லை. படிகத்தின் அதிர்வு ஒரு சிறிது மிகினும் குறையினும், அப்பிழை நாட்டொறும் ஒரே அளவிற் கூடுமேயன்றித் தன்னைத்தான் பெருக்கிக் கொள்ளாது. திங்களுக்குப் பத்து நொடி பிந்தும் கடிகாரம் இரண்டு திங்களில் இருபது நொடி பிந்தும், அவ்வளவே.

அதே ஓசூரின் பக்கமாகத் தென்பெண்ணையாறு ஓடுகின்றது. நந்திமலைப் பகுதியிற் பிறந்து, கெலவரப்பள்ளி அணையைக் கடந்து, கிருஷ்ணகிரி அணையிலும் பின்னர்ச் சாத்தனூர் அணையிலும் தேங்கி, கடலூர்ப் பக்கம் கடலொடு கலப்பது அவ்வாறு. அதற்கு நீர் தரும் மழையோ கடிகாரக் கணிதத்துக்கு அடங்குவதன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரியின் அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், மெலிந்து மேற்கே நகர்ந்த பின்னர், டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் கடற்கு நெடுந்தொலைவிலுள்ள ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைச் சொரிந்தது. சாலையில் நின்ற ஊர்திகளை வெள்ளம் இழுத்துச் சென்றது. அதே நாளிற் சாத்தனூர் அணையினின்று நொடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளிவிடப்பட்டது.

கடிகாரமும் மழையும் இரண்டும் சடப்பொருளே. இரண்டும் ஒரே இயற்பியல் விதிக்கு உட்பட்டனவே. அங்ஙனமாகவும் ஒன்றனை ஆண்டு கழித்தும் கூறலாம். மற்றொன்றனைத் திங்கள் கழித்தும் கூறல் இயலாது. இவ்வேறுபாட்டின் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை கூறுதலே கிளிக் அவர்கள் நூலின் உயிர்ப்பொருள்.

நூற்பொருள்

நூலின் முதலதிகாரம் எட்வர்டு லாரன்சு என்னும் வானிலை நூலாரைப் பற்றியது. அவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ராயல் மெக்பீ என்னும் கணிப்பொறியைக் கொண்டு, வளிமண்டலத்தைச் சில சமன்பாடுகளாற் போலச் செய்து கணித்து வந்தார். 1961ஆம் ஆண்டில் ஒருகால், முன் கணித்த ஒரு பகுதியை மீட்டும் காண விரும்பி, அச்சிட்ட தாளிற் கண்ட எண்ணை இடையினின்று பொறியிற் புகுத்தினார். பொறி தன்னுள் வைத்திருந்த எண் 0.506127, தாளில் அச்சாகியிருந்தது 0.506. ஒரு சிறிது நேரம் பழைய கணிப்பும் புதிய கணிப்பும் ஒத்துச் சென்றன, பின்னர்ப் பிரிந்தன, முடிவில் இரண்டற்கும் யாதோர் ஒப்புமையும் இல்லையாயிற்று. பொறி பழுதுபடவில்லை, சமன்பாடும் மாறவில்லை. விடுபட்ட 0.000127 என்னும் நுண்ணளவே அத்துணை வேறுபாட்டையும் விளைத்தது.

இதன் வலிமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். விடுபட்ட அளவு முழு எண்ணில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு. பிழை ஒருமுறை இரட்டிப்பின் இரண்டாம். பத்துமுறை இரட்டிப்பின் 1,024ஆம். பன்னிருமுறை இரட்டிப்பின் 4,096ஆம். ஆகவே பன்னிரண்டாம் இரட்டிப்பில் பிழை எண்ணின் அளவே ஆகிவிடும். அதன்பின் கணிப்பு வெறும் ஊகத்தினும் சிறந்ததன்று. லாரன்சு தாம் பின்னர் 1993இல் எழுதிய நூலில், அக்கணிப்பிற் பிழை ஏறத்தாழ நான்கு நாட்களுக்கு ஒருமுறை இரட்டித்தது எனவும், இரண்டாம் மாதத்தில் ஒப்புமை முழுதும் அழிந்தது எனவும் கூறினார். நான்கைப் பன்னிரண்டாற் பெருக்கின் நாற்பத்தெட்டாதல் காண்க.

இனி, ஒருவர் அளவுக்கருவியை ஆயிரமடங்கு நுட்பமாக்கினார் எனக் கொள்வோமாயின், அவர் பெறும் பயன் யாது? ஆயிரம் என்பது ஏறத்தாழப் பத்து இரட்டிப்பு. ஆகவே ஆயிரமடங்கு உழைப்பிற்கு அவர் பெறுவது பத்து இரட்டிப்புக் காலமே. மீட்டும் ஆயிரமடங்கு நுட்பமாக்கின் மீட்டும் அதே பத்து. உழைப்புப் பெருக்கலாக வளர, பயன் கூட்டலாக வளரும் இந்நிலையே அத்துறையின் இலக்கணமாம். கடிகாரப் பிழை கூட்டலாக வளர்வதும், மழைப்பிழை பெருக்கலாக வளர்வதும் மேலே எழுப்பிய வினாவுக்கு விடையாயின.

கற்போர் தாமே சோதித்துக் காண்டற்குரிய எளிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஒன்றனுக்குக் குறைந்த ஓர் எண்ணை எடுத்து, அதனை ஒன்றினின்று கழித்த மிச்சத்தாற் பெருக்கி, வந்ததனை நான்காற் பெருக்குக. கிடைத்த எண்ணை மீட்டும் அவ்வாறே செய்க. 0.3 எனத் தொடங்கின் முதலில் 0.84 வரும், மூன்றாம் முறை 0.994 வரும், எட்டாம் முறை 0.448 வரும். 0.301 எனத் தொடங்கின் மூன்றாம் முறை 0.996 வரும், எட்டாம் முறையோ 0.719 வரும். மூன்றாம் அடிவரை உடன்பிறந்தார் போல நின்றவை எட்டாம் அடியில் அயலார் ஆயின. இதன்கண் தற்செயல் என்பது அணுத்துணையும் இல்லை. ஒவ்வோர் அடியும் பள்ளிச் சிறுவனும் பிழையின்றிச் செய்யத்தக்க பெருக்கல். எனினும் தொடக்கத்தை முற்றும் அறியாதான் முடிவை அறியான்.

இவ்வெளிய பெருக்கலினுள்ளே இத்துணை வேறுபாடு மறைந்து கிடத்தலை உயிர்த்தொகைக் கணக்கின் வாயிலாக ராபர்ட் மே என்பார் 1976இல் எடுத்து விளக்கியதும், நான்கு என்னும் பெருக்கெண்ணை மூன்றினின்று மெல்ல உயர்த்துங்கால் எண்வரிசை இரண்டு, நான்கு, எட்டு எனச் சுழற்சி இரட்டித்துச் செல்லுதலும், அவ்விரட்டிப்புக்களின் இடைவெளி 4.6692 என்னும் விகிதத்திற் சுருங்குதலை மிட்செல் பைகன்பாம் கண்டதும் நூலிற் சுவைபடக் கூறப்பட்டுள. மேகம், கடற்கரை, மரக்கிளை முதலியவற்றின் வடிவை அளக்கும் மாண்டல்பிராட்டின் வடிவக்கணிதமும், இதயத் துடிப்புப் பற்றிய ஆராய்ச்சியும் பிற அதிகாரங்களின் பொருளாம். அவை ஒவ்வொன்றும் தனித்தாராயத் தக்கன. ஆயினும் நூலின் நடுநின்ற பொருள் மேற்காட்டிய இரட்டிப்பே.

ஆசிரியரின் ஆற்றல் இவ்விடத்துப் பாராட்டற்பாலது. சமன்பாடுகளைப் பெரிதும் விலக்கி, ஒருவர் காப்பி அருந்தச் சென்று மீண்டதும், ஒருவர் இரவிற் றனித்து உலாவியதும் ஆகிய சிறு நிகழ்ச்சிகளின் வாயிலாகக் கருத்து உருவாகும் வகையை அவர் காட்டுகின்றார். கணிதம் கல்லாதாரும் இறுதிவரை படிக்கும்படி அமைந்த நடை அவருடையது.

பெயர் பற்றிய தடை

இனிக் குறை ஆராயப்படும். முதற்குறை நூலின் பெயரிலேயே உள்ளது. கேயாஸ் என்னும் சொல் கிரேக்கர் வழக்கில் உலகு தோன்றுதற்கு முன்னிருந்த வடிவற்ற பாழைக் குறித்தது. ஆங்கில வழக்கிற் பெருங்குழப்பத்தைக் குறிப்பது. 1975இல் லீ, யார்க் என்னும் கணித நூலார் இருவர் தம் கட்டுரைத் தலைப்பில் அச்சொல்லை வைத்தபின் அது குறியீடாயிற்று. குறியீடாகக் கொள்ளுதலிற் குற்றமில்லை. ஆயின் பொதுமக்கட்கு எழுதுவோர் அச்சொல்லின் பழம்பொருள் புதுப்பொருளின்கண் கலவாவாறு காத்தல் கடன். கிளிக் அவர்கள் அதனை விளக்குமிடங்கள் உள. ஆயினும் ஒழுங்கு நின்றவிடத்தே குழப்பம் தொடங்குகின்றது என்பது போலும் ஓசை நூல் முழுதும் கேட்கப்படுகின்றது. அவ்வோசையே படித்தார் உள்ளத்து எஞ்சுவது.

தமிழில் இதனை ஒழுங்கின்மைக் கோட்பாடு என மொழிபெயர்ப்பது பெருவழக்காயுள்ளது. இப்பெயர் மயக்கத்தை இருமடங்காக்கும். மேற்கூறிய பெருக்கலில் ஒழுங்கின்மை எங்குளது? ஒவ்வோர் அடியும் ஒரே விதியின்படி நிகழ்ந்தது. இல்லாதது ஒழுங்கன்று, அவ்வொழுங்கை நெடுந்தொலைவு பின்றொடரும் ஆற்றலே இல்லாதது. ஒழுங்கின்மை என்னும் பெயர் பொருளின்மேல் ஏற்றிய குற்றம், உண்மையில் அறிவான்மேல் ஏற்றற்பாலது. கயிற்றைப் பாம்பெனக் கண்டவன் குற்றம் கயிற்றின் குற்றமாகாதவாறு போல என்க. ஆகலின் ‘முன்னறிவெல்லைக் கோட்பாடு’ எனவோ, ‘நுண்பிழை பெருகு நியதி’ எனவோ வழங்குதல் பொருட்கு ஏற்புடைத்து. கேயாஸ் என ஒலிபெயர்த்து வழங்குதலும் தவறான மொழிபெயர்ப்பினும் நன்று.

வண்ணத்துப்பூச்சி பற்றிய தடை

இரண்டாங் குறை, முதலதிகாரத்தின் பெயராகிய வண்ணத்துப்பூச்சி விளைவு என்பதனால் வருவது. பிரேசில் நாட்டில் ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகடித்தல் டெக்சாசு நாட்டிற் சூறாவளியை எழுப்புமோ என்பது 1972இல் லாரன்சு நிகழ்த்திய சொற்பொழிவின் தலைப்பு. அத்தலைப்பும் லாரன்சு இட்டதன்று. கூட்டத்தை அமைத்த மெரிலீசு என்பார் இட்டது. அதனினும் கருதற்பாலது, அது வினாவாக நிற்றல். அச்சொற்பொழிவிலேயே, சிறகடிப்பு ஒரு சூறாவளியை எழுப்புதற்குத் துணையாகுமாயின், அதனைத் தடுத்தற்கும் அங்ஙனமே துணையாகும் என லாரன்சு விளக்கினார். பரப்பப்பட்டதோ வினா அன்று, வினாவினின்று பிறந்த கதை: ஒரு பூச்சி ஒரு புயலை உண்டாக்கிற்று என்பது.

முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் எனக் காரணத்தை மூவகைப்படுத்தி ஆராய்ந்து பயின்ற நம் நாட்டார்க்கு இக்கதையின் பிழை எளிதிற் புலப்படும். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய ஒரு மணற்றுகள் குடத்தின் வடிவைச் சிறிது கோட்டிவிடுதல் கூடும். அதுபற்றி அம்மணற்றுகள் குடத்தைச் செய்தது என்பார் உளரோ? ஃபெஞ்சல் புயலுக்கு முதலாய் நின்றன வங்கக் கடலின் வெம்மையும், அதனினின்று எழுந்த நீராவியும். அவற்றின் பேராற்றல் முன்னரே தொக்கு நிற்க, அது இவ்வூரிற் பொழியுமோ அவ்வூரிற் பொழியுமோ என்னும் வரையறையை நுண்வேறுபாடுகள் மாற்றலாம். அந்நுண்வேறுபாடுகளும் ஒன்றல்ல, எண்ணிறந்தன. அவற்றுள் ஒன்றனைப் பிரித்தெடுத்து இதுவே செய்தது என்றல் ஏலாது. ஆகலின் வண்ணத்துப்பூச்சி காரணத்தின் சிறுமையை உணர்த்த வந்ததன்று. அறிவின் எல்லையை உணர்த்த வந்தது. கிளிக் அவர்கள் இவ்வேறுபாட்டை அழுத்தி உரைத்திருப்பராயின் பிற்காலத்து எழுந்த கதைகள் பல எழாமற் போயிருக்கும்.

தடையும் விடையும்

இந்நூலின் கருத்தைச் சமயத் துறையிற் கொண்டு செலுத்துவார் சிலர் உளர். அவர் கூற்றுக்கள் மூன்று ஈண்டு ஆராயப்படும்.

ஒரு சாரார், விஞ்ஞானத்தால் முன்கூற இயலாத இடம் உண்டு என நாட்டப்பட்டமையின், அவ்விடமே இறைவன் செயல் நிகழும் இடம் என்பர். அது பொருந்தாது. முன்கூற இயலாத இடத்தும் நியதி முறிந்திலது என்பதே இத்துறையின் முடிபாகலின், முறிவினுட் புகுந்து செயற்படுவான் ஒருவனை இது காட்டவில்லை. மேலும், நிமித்தகாரணன் மண் கெட்டவிடத்து மாத்திரம் தோன்றுவானல்லன். குடம் செவ்வனே அமைந்தவிடத்தும் அவனே கருத்தா. அறியாமையின் இடுக்கில் முதல்வனை வைப்பவர், அவ்விடுக்கு அடைபடுந்தோறும் முதல்வனை இழப்பர். அங்ஙனமாயின் இந்நூல் இறைவன் இன்மையை நாட்டுமோ எனின், அதுவும் அன்று. முதற்காரண துணைக்காரணங்களின் நடையை ஆராய்வதே இத்துறையாகலின், நிமித்தகாரணத்தைப் பற்றி உண்டு எனவோ இல்லை எனவோ கூறும் உரிமை இதற்கு இல்லை என்க.

மற்றொரு சாரார், சிறு செயல் பெருவிளைவு தருதலின் வண்ணத்துப்பூச்சி விளைவே வினைப்பயன் என்பர். இதுவும் சொல்லொப்புமை பற்றிய மயக்கமே. வினைப்பயன் செய்த உயிரையே சென்று பொருந்தும் என்பதும், சடமாகிய வினை தானே அறிந்து சென்று பொருந்தமாட்டாமையின் ஊட்டுவான் ஒருவன் வேண்டும் என்பதும் சித்தாந்தத்தின் வினைக்கொள்கை. சிறகடித்த பூச்சிக்கும் வெள்ளத்தில் வீடிழந்தார்க்கும் அங்ஙனம் ஓர் இயைபு உண்டோ? நன்மை தீமை என்னும் வேறுபாடே இல்லாத பெருக்கலை அறத்தின் வழித்தாகிய வினைக்கொள்கையோடு ஒன்றாக்குதல் விஞ்ஞானத்திற்கும் பழுது, சமயத்திற்கும் பழுது.

பிறிதொரு சாரார், பிரான்சு நாட்டு லாப்லாசு 1814இற் கருதிக்கொண்ட முற்றறிவினன், அஃதாவது ஒரு கணத்து உலகின் நிலை முழுதும் அறிந்து அதனால் எக்காலத்து நிகழ்ச்சியும் அறியவல்லான் ஒருவன் இருத்தல் கூடாது என இந்நூலால் தெளியப்பட்டது என்பர். இத்தடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. இந்நூலால் மறுக்கப்பட்டது முற்றறிவு அன்று. அளவையால் அளந்து, எண்ணால் எழுதி, இலக்கத்தை ஓரிடத்து நிறுத்தும் சிற்றறிவு மெல்ல மெல்ல வளர்ந்து முற்றறிவை அணுகும் என்னும் நம்பிக்கையே. ஆயிரமடங்கு நுட்பத்திற்குப் பத்து இரட்டிப்பே கூலியாகப் பெறும் அறிவு, எத்துணை வளரினும் எல்லையின்மையை எய்தாது. சிற்றறிவுக்கும் முற்றறிவுக்கும் உள்ள வேறுபாடு அளவின் வேறுபாடன்று, இயல்பின் வேறுபாடு என்னும் கொள்கையுடையார்க்கு இது புதுமையன்று. கணிதத்தின் வாயினின்று அக்கருத்து வெளிப்படுதலே புதுமை. எனினும் கணிதம் இக்கொள்கைக்குச் சான்று பகர்ந்தது என்றலும் மிகையே. அணுவினுள் நிகழ்வன பற்றிய குவாண்டம் நூல் வேறோர் ஆராய்ச்சியாகலின், நியதி எங்கும் முழுதும் உண்டோ என்னும் வினாவுக்கு இந்நூல் ஒன்றே விடை தராது.

நூல் கூறாதன

மூன்றாங் குறை, நூல் முன்னறிவின் எல்லையைக் காட்டி, அவ்வெல்லைக்குள் நின்று செயற்படுமாற்றைக் காட்டாமை. 1987இல் எழுதப்பட்ட நூலாகலின் பின் நிகழ்ந்தனவற்றை அதன்கண் தேடுதல் முறையன்று. ஆயினும் இன்று அதனைப் படிப்போர் அவற்றையும் உடன் அறிதல் வேண்டும்.

நாள்வாரி வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரத்திற்கு மேல் முன்கூறல் இயலாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. அவ்வெல்லையை அறிந்த வானிலை நூலார் கைகட்டி இருந்தாரில்லை. ஒரே கணிப்பை நம்பாது, தொடக்க எண்களைச் சிறிது சிறிது மாற்றிப் பல கணிப்புக்களை ஒருங்கு செய்து, அவை ஒத்துச் செல்லுமிடத்துத் துணிந்தும், சிதறுமிடத்து ஐயத்தை அளவிட்டும் கூறும் முறையைக் கண்டனர். 1992ஆம் ஆண்டு டிசம்பரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இம்முறை நாள்வழக்கிற்கு வந்தது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியாவும் 12 கிலோமீட்டர் நுட்பமுடைய அத்தகைய முறையை மேற்கொண்டது. இது லாரன்சு கண்ட இடரையே கருவியாக்கிக் கொண்ட முறை. பிழை பெருகும் என்பதனால் முன்னறிவைக் கைவிடாது, பிழை எத்துணை பெருகும் என்பதனையே முன்னறிதல்.

இன்னும் ஒன்று. சார்னி, சுக்லா என்னும் இருவர் 1981இல், வெப்பநாடுகளில் நாள்வாரி மழையைக் கூறல் அரிதாயினும், பருவத்தின் மொத்த மழை கடலின் வெம்மை முதலிய மெல்ல மாறும் காரணங்களால் வரையறுக்கப்படுதலின் அதனைக் கூறுதல் ஒருவாறு இயலும் என்னும் கருத்தை வெளியிட்டனர். ஒரு நாளை அறியாதார் ஒரு பருவத்தை அறிதல் முரண்போலத் தோன்றும். ஆயின் ஓர் இலை வீழும் இடத்தை அறியாதானும் இலையுதிர் காலத்தை அறிவன் அன்றோ? இந்தியருக்கு இன்றியமையாத இக்கருத்துக்கு நூலில் உரிய இடம் தரப்படவில்லை.

தமிழ் நாட்டார் அறிய வேண்டுவது பிறிதொன்றும் உண்டு. புதிய விஞ்ஞானம் அமெரிக்க ஐரோப்பிய நாட்டார் சிலரால் ஆக்கப்பட்ட ஒரு புரட்சி என்பது கிளிக் அவர்களது கதையின் கட்டுக்கோப்பு. பிரான்சு நாட்டுப் புவான்கரே 1890இலேயே மூன்று கோள்களின் இயக்கக் கணக்கில் இந்நுண்மையைக் கண்டார். அதனை ஆசிரியர் குறிப்பாகக் கூறிச் செல்கின்றாரேயன்றிக் கதைக்கு அடிப்படை ஆக்கினாரில்லை. நூல் வெளிவந்த பின் அத்துறை நம் நாட்டிலும் வேரூன்றியது. திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மு. லட்சுமணன் அவர்கள் வளர்த்த ஆராய்ச்சிக் குழுவினின்று, முரளி, லட்சுமணன், சூவா என்னும் மூவர் பெயரால் வழங்கும் மின்சுற்று 1994இல் வெளிவந்தது. ஒரு மின்தடை, ஒரு சுருள், ஒரு மின்தேக்கி, சூவா இருமுனையம் என்னும் உறுப்பு ஒன்று, அலைமின் ஊற்று ஒன்று என்னும் இச்சிலவற்றாலேயே நுண்பிழை பெருகும் இயக்கத்தைக் கண்முன் காட்டுவது அச்சுற்று. ஓசூரில் மின்னுறுப்புக்களோடு பழகும் ஒரு தொழிலாளியும் தன் மேசைமேல் அதனை அமைத்துக் காணலாம். நூலைப் படித்தலோடு அமையாது அதனைச் செய்து காண்பார்க்கு, உரையளவையாற் பெற்றது காட்சியளவையானும் உறுதிப்படும்.

முடிவுரை

இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவது இது. ‘கேயாஸ்’ என்னும் நூல் நியதியும் முன்னறிவும் வேறு என்னும் பெரும்பொருளைப் பொதுமக்கட்கு வழங்கியது; அவ்வளவிற் போற்றற்பாலது. ஆயின் தன் பெயராலும், புரட்சிக் கதையின் விரைவாலும், அவ்விரண்டனையும் படிப்போர் மீட்டும் ஒன்றாக்கி மயங்குதற்கு இடந்தந்தது. அவ்வளவிற் காத்துப் படிக்கற்பாலது.

இம்மயக்கம் ஏட்டளவில் நிற்பதாயின் பெருங்கேடில்லை. வெள்ளம் வந்த பின்னர், இயற்கை ஒழுங்கற்றது, யார் அறிவார் என்று கூறி அமைவார்க்கு அது புகலிடமாகும். எல்லாம் முன்னரே கூறியிருத்தல் வேண்டுமெனச் சினப்பார்க்கும் அதுவே புகலிடமாகும். இருவரும் பிழைத்தனர். இருபது நாட்களுக்கு முன் ஊத்தங்கரையைப் பெயர்சொல்லிக் குறித்தல் ஒருவர்க்கும் இயலாது. ஆயின் சில நாட்களுக்கு முன் இம்மலைச்சாரலிற் பெருமழை பெய்தல் கூடும், இன்ன அளவு ஐயத்தொடு கூடும் எனச் சொல்லுதற்கு வழியுண்டு. அவ்வையத்தை மறையாது சொல்லுதல் கணிப்போர் கடன். ஐயமொழிந்த சொல்லையே எதிர்பாராது அதனைக் கேட்டு ஆவன செய்தல் அணை காப்போர்க்கும் கரையில் வாழ்வார்க்கும் கடன்.

ஓசூர்க் கடிகாரம் எதிர்காலத்தை நொடி நொடியாக எண்ணுவது. தென்பெண்ணைக்கு நீர் தரும் மழையை அங்ஙனம் எண்ணுதல் இயலாது; ஆயினும் அதனை அஞ்சிக் காத்தல் இயலும். அளக்கத்தக்கதனை அளந்தும், அளவிறந்ததனை அளவிறந்தது என்று அறிந்தும் நிற்பதே அறிவுடைமை. அவ்வறிவுக்கு ஒரு வாயிலாக இந்நூலைக் கொள்க. அதன் பெயரை மாத்திரம் நம்பற்க.